உப்பு மட்டும்தான் போட்டேன்

கோயில் இல்லைங்க அக்கா, அது ஒரு பார்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். கல்தூணையும் முகப்பையும் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்குள் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அப்புறம் போர்டைப் படித்துவிட்டுக் கையை இறக்குவார்கள். நீங்க போட்டுக்கிட்டதை நானும் பார்த்தேன். அதில் ஒன்றும் தப்பில்லை. உள்ளே ஒரு பிள்ளையார் இருக்கத்தான் செய்கிறார், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில்.

கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா? பிள்ளையை ஜன்னல் பக்கம் விடுகிறேன். கனிஷ்கா, பெரியம்மா புடவையில் காலை வைக்காதே. ரயில்வே கேட்டைப் போட்டுவிட்டார்கள், இனி வண்டி இப்போதைக்கு நகராது. துறைமுகத்து நிலக்கரி வண்டி வரும். எத்தனை பெட்டி என்று இவளை எண்ணச் சொன்னால் இருபதுக்கு மேல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

இது ஓடக்கரை. கேட்டைத் தாண்டினால் பாலம், பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. இந்தப் பக்கம் காரைக்கால். நீங்க பார்த்தது சத்திரம். அந்தக் காலத்து நெல் வியாபாரி ஒருவர், அருணகிரிச் செட்டியார் என்று பேர், வழிப்போக்கர்களுக்காகக் கட்டினது. இப்போது 'பாரம்பரியச் சத்திரம் பார்'. நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

இப்படிப் பார்க்காதீங்க. நான் சரக்குப் பக்கமே போக மாட்டேன். நான் மோர்.

சொல்கிறேன் கேளுங்க. சத்திரத்து முன்மண்டபத்தில் ஒரு கல் பதித்திருக்கிறது. அதில் செட்டியார் எழுதிவைத்திருக்கிறார். நாள்தோறும் உச்சி சாயுமுன் வழிப்போக்கருக்கு மோர் வார்க்க வேண்டும். வார்க்கும் கை இவ்வூரில் அடுப்பெரியும் வீட்டார் கையாய், மது தொடாத கையாய் இருக்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து தவறினால் உள்ளே இருப்பவர் யாரானாலும் வெளியேற வேண்டும். இது கல்லில் மட்டும் இல்லை, வாடகைப் பத்திரத்திலும் அப்படியே வரிக்கு வரி இருக்கிறது.

கட்டடம் இப்போது கும்பகோணத்து ஐயா பொறுப்பில் இருக்கிறது. செட்டியாருடைய கொள்ளுப்பேரன். ரொம்ப நியாயஸ்தர். கூரை ஒழுகி, வௌவால் அடைந்து, பத்து வருஷம் யாரும் சீந்தாமல் கிடந்த இடத்தைக் குமரவேல் முதலாளிதான் எடுத்துப் பழுது பார்த்து பார் வைத்தார். செட்டியார் கட்டின இடத்தில் இப்படியா என்று ஊரில் கேட்டபோது ஐயா ஒரே வார்த்தைதான் சொன்னாராம். "எங்க கொள்ளுத்தாத்தா மோர் வார்க்கணும்னு எழுதினார். சாராயம் விக்கக் கூடாதுன்னு எழுதல. எழுதாததுக்கு நான் எப்படிப் பொறுப்பு?"

நியாயம்தானே?

ஆனால் எழுதினதில் ஒரு புள்ளி விட மாட்டார். தினமும் நான் மோர் வார்ப்பதைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும். என் முகமும் தெரிய வேண்டும், அந்தக் கல்லும் தெரிய வேண்டும். மூன்று வருஷமாக என் போட்டோ தினம் ஒன்று கும்பகோணம் போகிறது. எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட அத்தனை போட்டோ இல்லை.

ஆள் கிடைக்காமல் முதலாளி பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொன்னால் சிரிப்பீங்க. மது தொடாத கை வேண்டும், அதுவும் இந்த ஊர்க் கையாக. முதலாளி வீடு காரைக்கால் டவுனில், அவர் வீட்டு அம்மா கை செல்லாது. அவர் கை எந்த ஊராக இருந்தாலும் செல்லாது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவர் கடைச் சரக்குக்கு அவரே சாட்சி. பள்ளிவாசல் தெருவில் குடிக்காதவர்கள் நாற்பது பேர் இருக்கிறார்கள், அந்தப் படியை மிதிக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். சபை போதகர் வந்தார், கட்டடத்துக்காக ஜெபம் பண்ணினார், போய்விட்டார். என் வீட்டுக்காரரைக் கேட்டார்கள். இளஞ்சேரன் என்று பேர், ஐஸ் கம்பெனியில் லோடு வண்டி ஓட்டுகிறார், குடியே கிடையாது. ஐயா போனில் அவரிடம் நேராகக் கேட்டார். பீர் மட்டும் என்று இவர் உண்மையைச் சொல்லிவிட்டார். பீர் சேராது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஐயா சேரும் என்றுவிட்டார். மற்ற வீட்டுப் பெண்கள் பார் வாசலில் நிற்கவே மாட்டோம் என்றார்கள். அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, என் கைக்கு அப்படி ஒரு ராசி. முதல் நாள் சாயங்காலமே பாலைக் காய்ச்சி உறை ஊற்றிவிடுவேன். காலையில் கடைந்து வெண்ணெய் எடுத்துவிட்டு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, நாரத்தை இலை நாலு, எல்லாம் தட்டிப் போட்டு மண்பானையில் ஊற்றிவைத்தால் பதினோரு மணிக்குக் கல் மாதிரிக் குளிர்ந்திருக்கும். அதெல்லாம் யாரும் செய்யலாம் அக்கா. உப்புதான். கல்லுப்பை அள்ளி அப்படியே போடுகிறார்கள் பாருங்க, அது மோர் இல்லை, கடல். கல்லுப்பைத் தண்ணீரில் கரைத்து, அடியில் மண் தங்க விட்டு, தெளிவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, நாக்கு போதும் என்று சொல்வதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்த வேண்டும். அந்த ஒரு நொடி எனக்குத் தெரியும். எட்டாவதுதான் படித்தேன், ஆனால் அது தெரியும்.

மோருக்காகவே இந்த வழி போகிற பஸ் எல்லாம் ரெண்டு நிமிஷம் நிற்கும். டிரைவர், கண்டக்டர், பயணிகள் எல்லாம் இறங்கிக் குடிப்பார்கள். பாருக்குள்ளே போகிறவர்களும் ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போவார்கள், வயிற்றுக்கு நல்லது என்று. வெளியே வருகிறவர்களும் ஒரு டம்ளர். நாரத்தை இலை இருக்கிறதே, அது சாராய வாடையை அப்படியே எடுத்துவிடும். வீட்டுக்குப் போனால் தெரியாது. இந்த ஊரில் பாதி வீட்டில் சண்டை இல்லாமல் இருக்கிறது என்றால் அது என் மோரால்தான். அந்தப் புண்ணியமும் எனக்குத்தானே சேரும்?

அதைப் போய் எங்கள் குழுவில் சொன்னால் யாருக்கும் புரியவில்லை.

மகளிர் குழு. நான் அதில் செயலாளர். செயலாளராக இருந்தேன். தலைவி ஞானசௌந்தரி அக்கா. நல்ல மனுஷி, அதில் ஒன்றும் குறை சொல்ல மாட்டேன். என் பிரசவத்துக்கு ஆட்டோ பிடித்து வந்தவர் அவர்தான், இவள் பிறந்ததும் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாகத் தொட்டு வைத்ததும் அவர்தான். ஆனால் பாரை மூட வேண்டும் என்பதில் ஒரு பிடிவாதம். மனு கொடுத்தார், மறியல் பண்ணினார், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதிப் போட்டார். அளக்க வந்தவர் பள்ளிக்கூட வாசலிலிருந்து பார் வாசலுக்கு நேராக அளக்காமல், குளத்தைச் சுற்றி வந்து அளந்தார். சட்டப்படி தூரம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அங்கன்வாடியில் கூட்டம். எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பவுனம்மா என்று ஒருத்தி இருக்கிறாள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். "நம்ம செயலாளரே அங்கதான மோர் ஊத்துது, நம்ம மனு எப்படி ஏறும்?" என்றாள். அதோடு விட்டாளா? "குடிகாரனுக்கு ஊறுகாய் வைக்கிறவளும் மோர் வைக்கிறவளும் ஒண்ணுதான்" என்றாள்.

ஊறுகாயும் என் மோரும் ஒன்றா அக்கா? எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. நான் எழுந்து நின்றேன். ஊறுகாய் வைக்கிறவள் வராவிட்டால் ஊறுகாய் இருக்காது, அவ்வளவுதான். நான் மூன்று நாள் போகாவிட்டால் பாரே இருக்காது, தெரியுமா என்று கேட்டேன். கல்லில் இருப்பது, பத்திரத்தில் இருப்பது, முதலாளி ஆள் தேடி அலைந்தது, கும்பகோணத்துக்குப் போகிற போட்டோ, ஒன்று விடாமல் சொன்னேன். இந்த ஊரில் என் கை ஒன்றுதான் அந்தக் கட்டடத்தைத் தாங்குகிறது, கல்தூண் இல்லை என்று சொன்னேன். அப்படியே சொன்னேன்.



ஞானசௌந்தரி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கல்லை அவரும் இருபது வருஷமாகப் பார்க்கிறவர்தான். ஆனால் அதை யார் நின்று படித்தார்கள்? அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"சுகந்தி, அப்போ நீ மூணு நாள் வீட்ல இருந்தா போதுமா?"

நான் என் பெருமையைத்தான் சொன்னேன், அது இப்படித் திரும்பும் என்று கண்டேனா? தர்மத்தை நிறுத்தினால் பாவம் இல்லையா என்று இழுத்தேன். அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் புருஷன் கை நடுங்குதுடி. சோத்தைப் பிசைஞ்சு வாய்க்குக் கொண்டுபோக முடியல. நான் ஊட்டி விடுறேன். டாக்டர் இன்னும் ஒரு வருஷம்தான்னு சொல்றார், அதுவும் இன்னிக்கே குடியை விட்டா" என்றார்.

அது எனக்கும் தெரியும் அக்கா. அவர் வீட்டுக்காரர் கலியமூர்த்தி அண்ணன் நல்ல கொத்தனார். இந்தப் பக்கத்தில் பாதி வீட்டுக்கு அவர்தான் சுவர் எழுப்பினார். தினமும் பாருக்கு வருவார். கை நடுங்குவதால் அவருக்கு மட்டும் நான் டம்ளரை முக்கால்தான் ஊற்றுவேன், சட்டையில் சிந்தாமல் இருக்க. யார் அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள்?

சரி, போகவில்லை என்று ஒத்துக்கொண்டேன். எல்லோரும் வந்து என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். பவுனம்மாகூட. வேலை போனால் அங்கன்வாடியில் சமையல் வேலைக்கு ஏற்பாடு பண்ணுகிறேன் என்றார் ஞானசௌந்தரி அக்கா. குறையே இல்லை.

புதன்கிழமை முதலாளிக்குப் போன் போட்டுக் காய்ச்சல் என்றேன். பத்து மணிக்கே வாசலில் பைக் சத்தம். ஆப்பிள், சாத்துக்குடி, ஹார்லிக்ஸ், ரொட்டி, ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களைப் பார்க்க வருகிற மாதிரி வந்து நின்றார். நான் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன். இவள் பக்கத்தில் நின்றுகொண்டு, "அம்மா இப்பதான் தோசை சுட்டாங்க மாமா" என்கிறாள். ஆமாம், உன்னைத்தான் சொல்கிறேன், பெட்டியை எண்ணு.

உச்சி நேரத்துக்குப் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது வீடு வரைக்கும் கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தான். எனக்குக் கை அரித்தது. எழுந்துபோய் வீட்டில் இருந்த ஒரு கரண்டித் தயிரைக் கடைந்து மோராக்கிக் குடித்தேன். வேறு என்ன செய்வது?

வியாழக்கிழமை முதலாளி வீட்டு அம்மா வந்தார்கள். மஞ்சள், குங்குமம், பூ, ஒரு புடவை. ஒரு வார்த்தை கேட்கவில்லை, தட்டை நீட்டினார்கள். சுமங்கலி மஞ்சள் குங்குமத்தோடு கொடுப்பதை எப்படி வேண்டாம் என்பது? வாங்கி உள்ளே வைத்தேன், அவ்வளவுதான். இதோ கட்டியிருக்கிறேனே, இதுதான். கலர் எனக்கு எடுப்பாக இருக்கிறது இல்லையா? வாங்கினேனே தவிர வேலைக்குப் போகவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். ரெண்டு நாள் முழுசாக.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை.

ரெண்டு நாளாகப் போட்டோ வராததால் கும்பகோணத்து ஐயா காலையிலேயே காரில் வந்து இறங்கிவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் பத்திரம். உச்சி சாயும் வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் பூட்டுப் போடுவேன் என்று முன்மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஊரே திரண்டது. எங்கள் குழு மொத்தமும் எதிர்ச்சாரியில், புங்கமரத்தடியில். நானும் அங்கேதான் நின்றேன், காய்ச்சல்காரி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு. ஞானசௌந்தரி அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அவர் கை சில்லென்று இருந்தது. அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பல் வரிசை அழகாக இருக்கும் என்று தெரியவே தெரியாது.

உள்ளே என்ன நடந்தது தெரியுமா? குடிக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்துகொண்டார்கள். சத்திரத்துத் தர்மம் நம்ம காலத்தில் நின்றது என்று பேர் வரக் கூடாது என்று ஒரே வைராக்கியம். வீட்டில் தனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடிக்காத ஆம்பளைகள், எட்டுப் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவில் தயிர் கடைகிறார்கள். ஒருத்தர் இஞ்சி நசுக்குகிறார், ஒருத்தர் விரலையும் சேர்த்து நசுக்குகிறார். அன்றைக்குக் காலையிலிருந்து ஒருத்தரும் ஒரு சொட்டுத் தொடவில்லையாம். கலியமூர்த்தி அண்ணன் நடுங்குகிற கையோடு கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். ஞானசௌந்தரி அக்கா வேண்டாத நாள் எது, அழாத நாள் எது? அப்போதெல்லாம் நிறுத்தாத குடியைப் பாரைக் காப்பாற்றுவதற்காக அரை நாள் நிறுத்தியிருந்தார்கள்.

ஐயா ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு விசாரித்தார். மது தொட்டதுண்டா? ஒருத்தர் தலையைச் சொறிந்தார். ஒருத்தர் இன்று தொடவில்லை என்றார். ஆட்டோ ஓட்டுகிற முருகுபாண்டி, "கையால தொட்டதே இல்லீங்க ஐயா, டம்ளரைத்தான் தொட்டிருக்கேன்" என்றான். ஐயா சிரிக்கவில்லை. எட்டுப் பேரையும் ஒதுக்கிவிட்டார். பானையில் மோர் இருக்கிறது, வார்க்கக் கை இல்லை. முதலாளி தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மணி பன்னிரண்டை நெருங்கிவிட்டது. ஞானசௌந்தரி அக்கா வாய்க்குள்ளேயே என்னமோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார், வேண்டுதல்தான். என் மணிக்கட்டை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

அப்போதுதான் பஸ் வந்தது. மயிலாடுதுறையிலிருந்து வருகிற வண்டி. ஒரு பெரியவர் இறங்கினார், வெயிலில் முகம் சிவந்துபோய். யாரையும் கேட்கவில்லை, நேராகப் பானைக்குப் போய்த் தானே ஒரு டம்ளர் மொண்டு வாயில் வைத்தார்.

வைத்தவர் துப்பினார் அக்கா.

துப்பிவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஓடக்கரை மோர் ஓடக்கரை மோர்னு ஊர் பூரா சொல்றீங்க. இதுக்குக் குளத்துத் தண்ணி தேவலாம்" என்றார்.

நீங்களே சொல்லுங்க. அந்த இடத்தில் நீங்களாக இருந்தால் நின்றுகொண்டிருப்பீங்களா? மூன்று வருஷம் ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஒருத்தர் முகம் சுளித்ததில்லை. அவர் பாட்டுக்கு ஊருக்குப் போய், ஓடக்கரையில் மோர் வாயில் வைக்க முடியாது என்று சொல்வார். யார் மோர் என்று கேட்டால் என் பேரைத்தானே சொல்வார்கள்? எட்டு ஆம்பளைகள் கலக்கினது என்று அவருக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

நான் நடந்தது எனக்கே தெரியாது. "எங்கடி போற?" என்று ஞானசௌந்தரி அக்கா கேட்டார். கையை விடவில்லை. "இருங்கக்கா, உப்பைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று உதறிக்கொண்டு ரோட்டைத் தாண்டிவிட்டேன்.

பானைக்குள் எட்டிப் பார்த்தால் வயிறு எரிந்தது. கல்லுப்பு முழுசு முழுசாக அடியில் கிடக்கிறது, மேலே சப்பென்று வெள்ளைத் தண்ணீர். பச்சைமிளகாயைக் காம்போடு போட்டிருக்கிறார்கள். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். மேல் மோரை வேறு பானைக்கு மாற்றினேன், உப்பைக் கரைத்தேன், தெளியவிட்டேன், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன், நாக்கில் வைத்துப் பார்த்தேன். அந்த நொடி வந்தது, நிறுத்தினேன். ஒரு டம்ளர் மொண்டு அந்தப் பெரியவரிடம் நீட்டி, இப்போது குடித்துப் பாருங்க ஐயா என்றேன்.

குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டி, "நூறு வருஷம் நல்லா இரும்மா" என்றார்.

பின்னால் கிளிக் என்று சத்தம். கும்பகோணத்து ஐயா போனை மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். பத்திரத்தை மடித்தார். தர்மம் நடந்துவிட்டது, நான் வருகிறேன் என்று காரில் ஏறினார். முதலாளி என் காலிலேயே விழப்பார்த்தார். உள்ளே போய் ஷட்டரைத் தூக்கினார்கள். எட்டுப் பேரும் உள்ளே ஓடின வேகம் இருக்கிறதே, அரை நாள் விரதம் இல்லையா!

திரும்பிப் பார்த்தால் புங்கமரத்தடியில் யாரும் இல்லை.

நான் மோர் வார்க்கவில்லை அக்கா. அதுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். வார்ப்பது வேறு, ருசி காட்டுவது வேறு. உப்பு மட்டும்தான் போட்டேன். ஒரே ஒரு டம்ளர் ருசி காட்டினேன். அதை ஐயா வார்த்ததாக எடுத்துக்கொண்டால் அது அவர் பாடு. எனக்கும் பாரை மூட வேண்டும் என்றுதான் இருந்தது. அன்றைக்கு மட்டும் பஸ் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் மூடியிருப்பார்கள். டிரைவரை யாரும் கேட்க மாட்டார்கள், என்னைத்தான் கேட்பார்கள்.

குழுவில் பேரை அடித்துவிட்டார்கள். குழாயடியில் நான் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். அங்கன்வாடிக்கு இவளை மற்றப் பிள்ளைகளோடு கூட்டிப்போவார்கள், இப்போது அதுவும் இல்லை. அதனால்தான் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேன் வருகிற நர்சரி ஒன்று இருக்கிறதாம், கேட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். இன்றைக்கு வார்த்து முடித்துவிட்டுத்தான் வந்தேன், அதில் குறை வைக்கவில்லை. போகட்டும், எனக்கு என்ன? நான் எப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருப்பேன், யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்க.

ஒன்று மட்டும்தான் எனக்கு விளங்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை, வழக்கம்போல வார்த்துக்கொண்டிருக்கிறேன். கலியமூர்த்தி அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். முக்கால் டம்ளர் கொடுத்தேன். ரெண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு, "உப்பு கரெக்டா இருக்கு தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால், பஸ்ஸில் வந்தவர்களோடு வரிசையில், ஞானசௌந்தரி அக்கா நிற்கிறார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வந்துவிட்டாரே, கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தப் படியை மிதிக்காதவர் வந்து நிற்கிறார் இல்லையா? அடியில் கலக்கி, இலை விழாமல், விளிம்பு வரைக்கும் ஊற்றி ரெண்டு கையாலும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். என் முகத்தைப் பார்த்தார், திட்டுவது போலவும் இல்லை, அழுவது போலவும் இல்லை. மிச்சத்தை அப்படியே கீழே, என் காலடியில் ஊற்றினார். மெதுவாக, ஒரு சொட்டு விடாமல். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்துவிட்டார்.

அவ்வளவு வெயிலில் வந்தவர் அக்கா. ஏன் ஊற்றினார்?

உப்பு கூடிவிட்டதோ என்று உடனே நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

கேட் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, வண்டியை எடுக்கிறான். இருங்க, பையில் பாட்டிலில் கொண்டுவந்திருக்கிறேன், இன்றைக்குப் போட்டதுதான். ஒரு வாய் குடித்துவிட்டு நீங்களே சொல்லுங்க, இதில் என்ன குறை?

ஏன் அக்கா, வேண்டாமா?